துணைக்கு வந்தவர்களின் ரத்தம்

அந்த யோசனை எனக்கு ஒரு உளுந்து வடையைப் பார்த்துதான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்று காலையில் நைனார்பாளையத்திலிருந்து நான்கு அண்ணன் தம்பிகள் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மூத்தவருக்குச் சர்க்கரை. மாதம் ஒரு முறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருவார். மற்ற மூவரும் துணைக்கு. நான் மூத்தவர் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து எதிர்க்கடை வடையைத் தின்றுகொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். நான்கு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே முன்வழுக்கை, கடைசிப் பொத்தானைத் திணறவைக்கிற ஒரே தொப்பை. இவ்வளவும் ஒன்றுபோல இருக்கும்போது ஒருவர் ரத்தத்தை மட்டும் ஏன் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

"நீங்க எப்பனா சக்கர பாத்திருக்கீங்களாண்ணா?" என்று கடைசித் தம்பியைக் கேட்டேன். கார் ஓட்டி வந்தவர் அவர்தான்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா? சக்கர அவருக்குதான. நான் டிரைவரு."

"சும்மா ஒரு சொட்டு."

"பாரு, பாரு. அப்புறம் எனக்கும் வடை கூடாதுன்னு சொல்லிடாத."

மற்றவர்கள் சிரித்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டை மெஷினில் வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு வடைக்கு இவ்வளவு ஏறாது. கையைத் துடைத்துவிட்டு வேறு விரலில் மறுபடியும் எடுத்தேன். முந்நூற்றெட்டு. அண்ணனுக்கு அன்று நூற்றறுபதுதான். நோயாளியைவிடத் துணைக்கு வந்தவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் மிச்ச வடையைத் தாளோடு மடித்து பெஞ்சுக்கடியில் வைத்தார். "மிஷினு கெட்டுப்போச்சோ இன்னாவோ" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பயம் பாதி, மீதி ஏதோ கண்டுபிடித்துவிட்ட பரபரப்பு. மதியம் லேப் முதலாளியிடம் போய் மூச்சு விடாமல் சொன்னேன். சர்க்கரை உள்ளவர்களின் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, பிள்ளைகள், எல்லாரையும் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும், நோய் முற்றுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம் என்று.

"இது நீ படிச்ச பாடத்துலயே இருக்குதும்மா" என்றார் அவர். "வர்றதுக்குத்தான் ஆளு இல்ல."

"நாம போலாம் சார்."

இரண்டு டப்பா ஸ்ட்ரிப் எடுத்து மேசையில் வைத்தார். "இது தீர்ந்ததும் வாய மூடிக்கினு வேலயப் பாக்கணும்."

எங்கே போவது என்பதை நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். லேபுக்கு மாதாமாதம் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வருவார். வெள்ளிமலை தாண்டி ஒரு ஊர். வலது காலில் பெருவிரல் கிடையாது. சர்க்கரைப் புண்ணில் எடுத்துவிட்டார்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதே விரலை எடுக்கப் போன அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மலையில் அவருக்கு ஒரு அண்ணன், இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. இந்த நால்வரையும், அந்த ஊரில் சர்க்கரை உள்ள மற்றவர்களின் சொந்தங்களையும் பார்க்க வருகிறேன் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மத்தவங்கள எப்டினா பாரு. தங்கச்சிய மட்டும் நல்லாப் பாத்துடும்மா. அதும் வூட்டுக்காரன் கேரளாவுல எஸ்டேட்டுல கெடக்கறான். ரெண்டு பொட்டப் புள்ளங்க. கொல்ல வேல, ஆடு, தண்ணி எல்லாமே அது நடந்தாதான். என்ன மாரி அதுக்கும் காலு போச்சின்னா அந்த வூடு நின்னுடும்."

"நான் பாத்துக்கறேன்ணா" என்றேன். எவ்வளவு எளிதாக வாயில் வந்தது.

ஒரு வாரம் முன்பே தனியாக மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ் எங்கள் வடக்கனந்தல் வழியாகத்தான் போகும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறேனே தவிர, ஏறி மேலே போனதில்லை. ஊர் கோயில் முன்னால் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன்.

ஒரு பெரியவர் கேட்டார்: "தலக்கட்டுக்குத் தலக்கட்டு உண்டாம்மா?"

அந்த ஊரில் தலைக்கட்டு என்றால் குடும்பம். கோயில் காரியம், ஊர் வேலை, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததில் பெருமை வேறு. "ஒரு தலக்கட்டும் வுடக் கூடாது" என்று அவர்கள் வார்த்தையிலேயே திருப்பிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இறங்கி வரும் பஸ்ஸில், மக்களிடம் பேசத் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முகாம் நாளில் லேபில் என்னோடு வேலை செய்யும் தோழியையும் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்து வாசலில் புங்கமரத்தடியில் அவள் மெஷினோடு உட்கார்ந்தாள். உள்ளே மேசை போட்டு நான். பெயர்ப் பட்டியலை நான் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அவள் பெயரைக் கூப்பிடுவாள், விரலில் குத்துவாள், எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். நான் நோட்டில் ஏற்றிவிட்டு ஆளுக்கொரு சீட்டு எழுதுவேன்; கடைசியில் வீட்டு வாரியாகச் சேர்த்து வெளியே கொடுத்தனுப்பினேன். லேபில் எண்ணை மட்டும்தான் எழுதிக் கொடுப்போம். எண்ணை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்வார்கள் என்று நினைத்து, சரியாக இருந்தவர்களுக்கு 'சர்க்கரை இல்லை' என்று கொட்டை எழுத்தில் நானாகவே சேர்த்து எழுதினேன். ஒரு நாள், ஒரு சொட்டு. அதை வைத்து 'இல்லை' என்று எழுத எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று அப்போது தோன்றவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு. ஒருவர் ஈர வேட்டியோடு நின்றார். ஆஸ்பத்திரி காரியத்துக்கு இவ்வளவு சுத்தமாக வருகிறார்களே என்று எனக்குக் கண் கலங்காத குறை.

பத்து மணிக்குள் நாற்பத்தொரு பெயர் முடிந்தது. மூன்று பேருக்குச் சர்க்கரை அதிகம். அவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். விரல் போனவரின் வீட்டில் நால்வருக்கும் நன்றாக இருந்தது: தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றொன்று. அந்த மாதம் அவர் லேபுக்கு வந்தபோது கதவருகிலேயே நிறுத்திச் சொன்னேன்.

"உங்க தங்கச்சிக்கு ஒண்ணுமில்லண்ணா. தொண்ணூத்தி மூணு. என்னவிடக் கம்மி."

"போதும்மா" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நான் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் போட்டேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நிறம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் எண்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கமே வரவில்லை. பரம்பரை என்பது இப்படிக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்குமா? லேப் முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டிப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்குது" என்றார். "கொஞ்சம் ரொம்பவே நல்லா இருக்குது."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு திங்கட்கிழமை. காலைக் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பெண்ணை ஒருவர் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார். இடது காலில் துண்டு சுற்றியிருந்தது. உட்காரவைத்ததும் வந்த நாற்றத்தில் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் மெதுவாக நகர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகச் சர்க்கரை பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தேன். நானூற்று முப்பத்தெட்டு.

பெயரும் ஊரும் எழுதும்போதுதான் புரிந்தது. அந்தத் தங்கை. கூட வந்தவர் மூத்த அண்ணன். நான் முகாம் நோட்டை இழுத்து எடுத்தேன்.

"அக்கா, ரெண்டு மாசம் முன்ன பள்ளிக்கூடத்துல பாத்தமே. அப்ப தொண்ணூத்தி மூணு இருந்துச்சே."

அந்த அக்கா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். புதிதாகத்தான் பார்க்கிறார் என்பது எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

"நான் எங்க வந்தன்? அன்னைக்கி குச்சிக்கெழங்கு புடுங்கப் போயிட்டன். எனக்கு அண்ணன்தான் குடுத்துச்சி."

"இன்னா குடுத்தாரு?"

"ரத்தம்."

அண்ணன் இடது கையை என் முன்னால் விரித்தார். எந்த ஒளிவும் இல்லை அந்த முகத்தில். வலது கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுச் சொன்னார்.

"இது எனுது. இது நடுத் தம்பிது. இது இந்தத் தங்கச்சிது. இது கடைசித் தம்பிது. பெருவெரல நீங்க கேக்கல."

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றொன்று. ஒரே கை. என் வரைபடத்தில் பச்சை நிறம்.

"அவங்க பேரக் கூப்ட்டா நீங்க ஏண்ணா வந்தீங்க?"

"வேற யாரும்மா வருவா? வெறும் வயிறா இருந்தவன் நான்தான?" என்றார். "சாமிக்குத் திருவிழா சாட்டினா தலக்கட்டுக்கு ஒருத்தன் வெரதம் இருப்போம். ஒருத்தன் இருந்தா வூட்டுக்கே சேரும்; எங்க அண்ணன் தம்பி, தங்கச்சி எல்லாத்துக்கும் ஒரே தலக்கட்டுதான். எல்லாரும் வயித்தக் காயப் போட்டுக்கினு கொல்லைக்கி எப்டிப் போறது? ஒரு தலக்கட்டும் வுடாதன்னு நீதான சொன்ன. நான் மொத நா சாயந்தரமே சாப்பாட்ட நிறுத்திட்டன். காலையில குளிச்சிட்டு வந்தன். ஒழுங்காத்தாம்மா இருந்தன். ஒரு கொறயும் வைக்கல."

"ஒருத்தரோட ரத்தம் இன்னொருத்தருக்கு ஆவாதுண்ணா."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

அந்த அக்கா இடுப்பிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தார். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, அவற்றுக்கு நடுவில் மடிக்காமல் என் சீட்டு. அவர் பெயர். 93. கீழே என் கொட்டை எழுத்து.

"நாக்கு வறண்டுக்கினே இருந்துச்சி. அடிக்கடி எழுந்து ஒண்ணுக்குப் போவன். வெரலு போன சின்னண்ணனுக்கு வந்த மாரியே இருக்குதே, கீழ போய் பாத்துடலாம்னுதான் இருந்தன். அதுக்குள்ள இது வந்துச்சா. இல்லன்னு எழுதியிருக்குதே, அப்புறம் எதுக்கு எறங்கணும்னு வுட்டுட்டன். கால்ல மண்வெட்டி பட்டுச்சி. சின்னப் புண்ணுதான். ஆறும்னு இருந்தன். சின்னண்ணன் திட்டுச்சி, போய்ப் பாருன்னு. இந்தச் சீட்ட எடுத்து அதும் மூஞ்சிக்கு நேரா காட்டினன்."

நான் மலைக்குப் போகாமலே இருந்திருந்தால் இந்தப் பெண் இரண்டு மாதம் முன்பே கீழே வந்திருப்பார். இதுதான் கணக்கு. இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை மாறவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரையை இறக்க வேண்டும், சீழ் மேலே ஏறாமல் பிடிக்க வேண்டும், மூன்று நாள் பார்ப்போம், ஏறினால் பாதத்தோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அன்று தோழியும் நானும் லேப் பின்கட்டில் சண்டை போட்டோம்.

"நாலு வாட்டி ஒரே ஆளு வந்திருக்காரு, அதுல ஒண்ணு பொம்பள பேரு. மூஞ்சியப் பாக்க மாட்டியாடி?"

"நீ பாத்தியா? கூட்டத்துல நான் நீட்டின வெரலப் பாத்தன், நீ நம்பரப் பாத்த. மூஞ்சியப் பாக்க மூணாவதா ஒருத்திய வச்சிருக்கணும்."

இருவரும் நோட்டைத் திறந்து உட்கார்ந்தோம். மூத்த அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டோம். அவர் ஊரில் எல்லாரையும் அறிந்தவர். யார் யாருக்காக வந்தார்கள் என்று பட்பட்டென்று சொன்னார். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நாற்பத்தொரு பெயருக்கு வந்திருந்தது பதினாலு ஆள். அந்தப் பதினாலு பேரில் ஈர வேட்டிக்காரரும் சர்க்கரை அதிகம் என்று வந்த மூவரும் மட்டும்தான் தங்கள் ரத்தத்தைத் தங்களுக்கு மட்டும் கொடுத்தவர்கள். அவர்கள் வீடுகளில் பட்டியலில் வேறு பெயர் இல்லை.

மிச்சம் இருபத்தேழு சீட்டு. சர்க்கரை அதிகம் என்று எழுதிய மூன்றும் தங்கள் ரத்தத்தைத் தாங்களே கொடுத்தவர்களுடையவை என்பதால், இந்த இருபத்தேழிலும் ஒரே வாசகம்தான். இருபத்தேழு பாலித்தீன் கவருக்குள் ரேஷன் அட்டையோடு பத்திரமாக இருக்கின்றன, என் கையெழுத்தில்.

மறுநாள் விரல் போனவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசலில் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"நீ தொண்ணூத்தி மூணுன்னு சொன்னல்ல. அதுலேர்ந்து நல்லாத் தூங்கினன்மா" என்றார். "ரெண்டு மாசம்."

பெருவிரல் இல்லாத காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், எதற்கென்று தொடங்குவது? அன்று இரவு அம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். 'இல்லை' என்ற வார்த்தையை இனி எங்கேயும் எழுத என் கை வராது என்று தோன்றியது.

மூன்றாம் நாள் சீழ் ஏறுவது நின்றது. நான்காம் நாள் கடைசி இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் இருக்கிறது. புண் ஆறி, சரியான செருப்புப் போட்டால் நடக்கலாம், ஆனால் மாதாமாதம் காலைக் காட்ட வேண்டும் என்றார் டாக்டர். அந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஆட்டுக்குப் பின்னாடி ஓடலாமா?" என்று கேட்டார். "மொதல்ல நடங்க" என்றார் டாக்டர்.

நான் கட்டில் ஓரம் நின்றேன். என்னை உட்காரச் சொன்னார்.

"அழுதுக்கினு நிக்காத. அழ வேண்டிய நானே அழல" என்றார். "கடைசித் தம்பிக்கிப் போன் போட்டன். நாக்கு வறளுதாடான்னு கேட்டன். ஆமா, வெயிலு ஜாஸ்தின்றான். மலையில இப்ப எங்க வெயிலு? அவங்கிட்டயும் உன் சீட்டு இருக்குது. நான் சொன்னா இல்லன்னு காட்டுவான். நான் சின்னண்ணனுக்குக் காட்டினன் இல்ல, அதே மாரி. நீ எழுதனத நீயே வந்து கிழி."

"வரேங்க்கா."

"பெரியண்ணன அனுப்பிடப் போறான், பாத்துக்க" என்றார். அண்ணன் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டு, "நான் இனிமே வெரலயே நீட்ட மாட்டன்" என்றார். அந்த அக்கா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

லேப் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் வரைபடத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவரே அன்று சந்தேகப்பட்டுச் சொல்லாமல் விட்டது அவரையும் குடைந்திருக்க வேண்டும்.

"வெறும் வயிறுன்னு எதுக்கு அவங்கள வாட்டற? மூணு மாச சராசரி பாக்கற டெஸ்டு இருக்குதில்ல? அதுக்குச் சாப்ட்டிருந்தா இன்னா, சாப்டாட்டி இன்னா? விரல்ல பாரு. சந்தேகமா இருந்தா கை நரம்புல ரத்தம் எடுத்துக்கினு வா, இங்க போட்டுக்கலாம்."

படித்த பாடம்தான். விரதம் வேண்டாம் என்றால் விரதக்காரரும் வேண்டாம். அது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தோழியும் நானும் ஏறுகிறோம். இந்த முறை பள்ளிக்கூடம் இல்லை, பட்டியலைப் படித்துக் கூப்பிடுவது இல்லை. ஆள் எந்தக் கொல்லைக்காட்டில் நிற்கிறாரோ அங்கேயே போவது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இருக்கும்படி மூத்த அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார்; தலைக்கட்டுக்கு ஒருத்தர் இல்லை, தலைக்கு ஒருத்தர் என்று அவரே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். முதலில் கடைசித் தம்பி. அவர் நாளெல்லாம் கிழங்கு பிடுங்குகிற சரிவு பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பெயரைக் கேட்டு, பழைய சீட்டை வாங்கி அவர் கண்முன்னால் கிழித்த பிறகுதான் பையைத் திறப்பது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. இருபத்தேழையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. அவரிடமிருந்து தொடங்கலாம்.